சாக்கு எடை

வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில்தான்
முதல் நாள் ஏறி நின்றேன்.
தொண்ணூற்று நாலு அறுநூறு.
லோடு இறக்கிக்கொண்டிருந்த ஒச்சு எட்டிப் பார்த்து
"சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சுக்கங்க அண்ணாச்சி" என்றான்.
கீழமாசி வீதியில் யாருக்கும் ரகசியம் கிடையாது.

பதினாறு மணி நேரம் பட்டினி,
எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு.
சர்க்கரை டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு வட்டம் போட்டுக் கோடு கிழித்தார்,
பங்காளிகளுக்கு நிலம் பிரிப்பதுபோல.
என் பங்கு சின்னது:
பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு.
எட்டு மணிக்குத்தான் இந்த ஊர்
அடுப்பையே பற்றவைக்கிறது.

ஏழரைக்குக் கல்லாவிலேயே டிபன் பாக்ஸை முடித்துவிட்டு
ஒன்பதரைக்குக் கடை பூட்டி
தெற்குவாசல் வழியாக வில்லாபுரம் போகிறவனுக்குத் தெரியும்
மூன்று கிலோமீட்டர் எவ்வளவு நீளமென்று.
கொத்துபரோட்டாச் சத்தம்
ஹெல்மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
கறிதோசைக் கல்லில் முட்டை விழுவதை
ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தே சொல்லிவிடுவேன்,
ஒற்றையா, ரெட்டையா என்று.

முதல் வாரம் தலைவலி.
இரண்டாம் வாரம், காலை பத்தரை இருக்கும்,
பல்லாரி வெங்காயம் நாலு மூட்டை என்பதற்கு
பல்லாரி வெங்காய பஜ்ஜி நாலு மூட்டை என்று
பில் போட்டுக் கொடுத்தேன்.
திருமங்கலத்து வியாபாரி அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்,
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

"காலையில என்னதான் சாப்பிடுறீங்க?" ஒச்சு கேட்டான்.
பாலில்லாத டீ, சீனியும் இல்லை என்றேன்.
"நானும் வெறும் டீதான்.
லோடு முடிஞ்சு கூலி வாங்கி
பதினோரு மணிக்கு மேலதான் மொத வாயி."
"எந்த டாக்டர் சொன்னார்?"
கேட்டுவிட்டேன்.
வாயிலிருந்து போனபிறகுதான் கேட்டது எனக்கு.
அவன் குனிந்து
அடுத்த மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டான்.

பத்து மணிக்கு ஜெயக்கொடி சாப்பிட உட்காருவாள்.
எதிரில் நான், வெந்நீர் டம்ளரோடு.
பத்தொன்பது வருஷத்தில்
அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.
அந்நேரம் நான் கை கழுவிவிட்டு
டிவிக்கு முன்னால் போயிருப்பேன்.
இப்போது தின்ன ஏதும் இல்லாத கண்
அவள் தட்டிலேயே கிடக்கிறது.
வட்டம் சிதைந்த தோசையை முதலில் எடுக்கிறாள்.
அடிப்பிடித்ததை அடுத்து.
சட்னிக் கிண்ணத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு
அலசி, அதையும் ஊற்றிக்கொள்கிறாள்.
ஆறிப்போனதைத் தின்பதற்கென்று
தனியாக ஒரு வேகம் வைத்திருக்கிறாள்.

"என்ன பாக்குறீக?"
"ஒண்ணுமில்ல."
"பசிக்குதா?"
"இல்ல."
ரெண்டும் பொய்.

மூன்றாம் மாதம் ஒருநாள்
கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.
முதல் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்றது.
இரண்டாவது ஏதோ ஒரு மாவட்டத்தின் வரைபடம்.
வெறுந்தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குக்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
சேலை நுனியைச் சுருட்டினாள், விட்டாள்.
மூன்றாவதை நேராகத் தட்டில் போட்டேன்.
சட்டென்று தொட்டுவிட்டு
விரலை ஊதிக்கொண்டாள்.

பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே வந்திருக்கிறேன்.
எண்பத்தெட்டு முந்நூறு.
நின்றது நின்றபடி, மூன்று வாரமாக.
அது அப்படித்தான் நிற்கும், விட்டுவிடாதீர்கள்
என்கிறார் டாக்டர்.

நேற்று ராத்திரி பத்து பத்து.
நான் சுட்ட தோசையின் ஓரத்தில்
பழுப்பாய், முறுகலாய், நூல்போல ஒரு விளிம்பு.
அதை மட்டும் பிய்த்து
ஒன்றும் பேசாமல் என் பக்கம் நீட்டினாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவளும் திரும்பிப் பார்த்தாள், அதே கடிகாரத்தை.
நீட்டிய கை அப்படியே இருந்தது.
வாயைத் திறந்தேன்.

காலையில் தராசில் ஏறினேன்.
"அதே முந்நூறுதான் அண்ணாச்சி" என்றான் ஒச்சு.
இருக்கும்.
ஐம்பது கிராமுக்குக் கீழே எதையும்
இந்தத் தராசு கணக்கில் எடுப்பதில்லை.